384 படிவம் சேர்ந்தாயிற்று, ஆல்ஃபாவும் 0.94 வந்தாயிற்று, இனி என்ன கவலை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர்களின் வருமானம், கடன், வேலைத் திருப்தி பற்றி முனைவர் பட்ட ஆய்வு. 384 படிவங்கள் கையில் இருக்கின்றன. பாதி கூகுள் ஃபார்ம் வழியாக வந்தவை; மீதியைப் பட்டறை முதலாளிகளிடம் கட்டாகக் கொடுத்து நிரப்பி வாங்கியிருக்கிறீர்கள். பதில்களின் ஒத்திசைவைக் காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.94. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தரவின் தரம் பற்றிக் கேட்டால் இந்த எண்ணைக் காட்டினால் போதுமா என்பது கேள்வி. கடைசியில் கொஞ்சம் எரிச்சலோடு இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "அனாலிசிஸ் சரியாக இருந்தால் போதாதா, டேட்டா குவாலிட்டி என்று ஏன் இப்படிப் படுத்துகிறார்கள்?" உங்கள் உண்மையான கேள்வி இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பொருளியல் படித்தவன். சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கம் பல வருடங்களாகக் களக் கணக்கெடுப்புகளில் மேற்பார்வையாளராக இருந்தேன். இப்போது பிறர் கொண்டுவரும் தரவைச் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. மாடல் போடுவதில் நுணுக்கமான சந்தேகம் என்றால் புள்ளியியல் படித்தவரிடம் கேளுங்கள், நான் அதற்குச் சரியான ஆள் இல்லை. ஆனால் ஒரு எண் எக்செல் கட்டத்துக்குள் வந்து உட்காரும் முன் அதற்கு என்னவெல்லாம் நடக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆல்ஃபாவை எடுத்துக்கொள்வோம். ஒரே விஷயத்தை அளப்பதாகச் சொல்லப்படும் பல கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மட்டுமே அது சொல்லும். பதில் உண்மையா, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டதா, நீங்கள் அளக்க நினைத்ததையே அளந்ததா என்ற மூன்றுக்கும் அதனிடம் பதில் கிடையாது. ஒரு தட்டின் அடியில் மெழுகு ஒட்டிய தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே எடையைத்தான் காட்டும். சொல்லப்போனால் 0.94 என்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. இருபது கேள்விக்கும் வரிசையாக 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே நெட்டுக்கு டிக் அடித்த படிவங்கள் நிறைய இருந்தால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். ஒரே கேள்வியை நாலு விதமாகத் திருப்பிக் கேட்டிருந்தாலும் ஏறும். உங்கள் கேள்விகளில் எதிர்மறையாக அமைந்தவை உண்டா என்று பாருங்கள். 'கூலி எனக்குத் திருப்தி' என்பதற்கும் 'இந்தக் கூலி உழைப்புக்குப் பத்தவில்லை' என்பதற்கும் ஒரே ஆள் 4 (ஒப்புக்கொள்கிறேன்) போட்டிருந்தால், அவர் படிக்காமல் போட்டிருக்கிறார், அல்லது அவருக்குப் பதிலாக வேறு யாரோ போட்டிருக்கிறார்.

அடுத்தது 384. தமிழ்நாட்டில் பாதி ஆய்வேடுகளில் இந்த எண் இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. 1970ல் க்ரெய்ச்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது இது. கணக்கு எளியது: 1.96ஐ வர்க்கமாக்கி, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 சொச்சம். இதன் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மொத்தத் தொழிலாளர்களின் பட்டியல் உங்களிடம் இருந்து, அதிலிருந்து குலுக்கலில் ஆட்களை எடுத்திருந்தால்தான் கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்ற உத்தரவாதம் செல்லும். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று பிடித்த 384 பேருக்கு அது செல்லாது. 3,840 பேர் பிடித்தாலும் செல்லாது. ஆள் எண்ணிக்கை கூடினால் தற்செயல் பிழை குறையும். ஒருபக்கச் சாய்வு அப்படியே இருக்கும், கூடவே அதன்மீது நமக்கு நம்பிக்கையும் வளர்ந்துவிடும். அதுதான் ஆபத்து.

குலுக்கலே போட்டிருந்தாலும் கொத்தாக எடுத்தால் இன்னொரு சிக்கல். உதாரணத்துக்கு 24 பட்டறைகள், பட்டறைக்கு 16 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டறையில் இருப்பவர்களுக்குக் கூலி விகிதம் கிட்டத்தட்ட ஒன்று, முதலாளி ஒருவர், டீ நேரம் கூட ஒன்று. அவர்கள் பதில்கள் ஒன்றுபோல் இருக்கும் அளவை, அதாவது ஒட்டுறவை, 0.2 என்று எடுத்துக்கொண்டால், 1 கூட்டல் 15 (பட்டறைக்கு 16 பேரில் ஒன்று குறைத்தது) பெருக்கல் 0.2, ஆக 4; 384ஐ இந்த 4ஆல் வகுக்க வேண்டும். அதாவது உங்கள் 384 பேர் தரும் தகவல், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 96 பேர் தரும் தகவலுக்குத்தான் சமம். 0.2 என்பது நான் எடுத்துக்கொண்ட எண். உங்களுடையது என்ன என்று உங்கள் தரவிலிருந்தே கணக்கிடலாம். வைவாவில் இதை நீங்களாகவே சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, இதெல்லாம் கணக்கு. இதைவிடப் பெரிய விஷயம், பதில் எப்படி உருவாகிறது என்பது. சிவதாபுரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியை எடை போட்டு முதலாளி கொடுக்கிறார், வேலை முடிந்து எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். கூலி உருப்படிக்கோ எடைக்கோ கணக்கு. சனிக்கிழமை கைக்கு வரும் தொகையில் ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்கு ஒரு பிடித்தம் போயிருக்கும். சேதாரம் கூடினால் அதற்கும் பிடித்தம். கணவர் பற்றவைப்பார், மனைவி வளையம் கோப்பார், பள்ளி விட்டு வந்த மகள் சலங்கை கோப்பாள். தீபாவளிக்கு முன் ராத்திரி பகலாக வேலை இருக்கும், வெள்ளி விலை எகிறினால் வாரக்கணக்கில் ஆர்டரே இருக்காது. இந்த வீட்டில் போய் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மாதம் என்ற கணக்கே அவரிடம் இல்லை. யோசித்துவிட்டு "எழுதிக்கோங்க, ஒரு பதினைஞ்சு" என்பார். அது பிடித்தத்துக்கு முன்பா பின்பா, மூன்று பேர் உழைப்பா ஒருவர் உழைப்பா, நல்ல மாதமா சுமாரான மாதமா, எதுவும் தெரியாது. ஆனால் கட்டத்தில் 15000 என்று சுத்தமாக உட்கார்ந்துவிடும். அதன்மேல் ரிக்ரஷன் ஓட்டினால் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை விடை வரும்.

இதையே போன வாரம் எத்தனை உருப்படி முடித்தீர்கள், உருப்படிக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், வேலையில் வேறு யார் உட்கார்ந்தார்கள் என்று உடைத்துக் கேட்டால் நேரம் பிடிக்கும், ஆனால் விடை வேறாக இருக்கும். வேறு என்று சொல்வது கூட ஆய்வு. எவ்வளவு வேறு என்பதே உங்களுக்கு ஒரு அத்தியாயம்.

இப்போது உங்கள் இரண்டாவது கட்டு, முதலாளி வழியாக வந்த படிவங்கள். முன்பணம் கொடுத்தவரே படிவத்தையும் கொடுத்து "கடன் எவ்வளவு, வேலையில் திருப்தியா" என்று எழுதச் சொன்னால் யார் மனதில் இருப்பதை எழுதுவார்கள்? தேசியக் குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும் என்பது விதி. தவறான பதிலைவிடப் பதில் இல்லாத கட்டம் மேல் என்று ஒரு பெரிய நிறுவனமே முடிவு செய்திருக்கிறது. உங்கள் ஆய்வில் கடன், திருப்தி இரண்டும் அதே வகைக் கேள்விகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அந்தப் பாதியிலிருந்து திருப்தி பற்றி எந்த முடிவும் சொல்லக் கூடாது.

கூகுள் ஃபார்ம் பாதியில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்மார்ட்போன் வைத்து, வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து, பத்து நிமிடம் ஒதுக்கித் தட்டச்சு செய்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். வீட்டிலிருந்து வளையம் கோக்கும் அந்தப் பெண் இரண்டு பாதியிலும் இல்லை. முதலாளியின் நோட்டில் கணவர் பெயர்தான் இருக்கிறது. இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பெண்களின் உழைப்பு விடுபடுகிறது என்ற புகார் வலுத்ததால்தான் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை பற்றிய கேள்வியிலேயே 'சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலை உட்பட' என்ற பொருளில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தார்கள்.

ஏற்காட்டில் இதே கதை வேறு உருவத்தில் வரும். உங்கள் துறையில் யாராவது அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்களைப் பற்றி ஆய்வு செய்தால் கவனித்துப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன களைப்பில் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே தீர்ந்துவிடும். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் மெயின் ரோட்டில் இருக்கும் வீடுகள் ஒவ்வொரு ஆய்விலும் வரும். கீழே சரிவில் இறங்கி நடக்க வேண்டிய ஊர்கள் வராது. கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983லேயே இந்தத் தார்ச்சாலைச் சாய்வைப் பற்றி எழுதினார், கூடவே பருவச் சாய்வைப் பற்றியும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் போனால் எஸ்டேட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். கல்லூரி விடுமுறை என்று மே மாதம் போனால் வேறு படம். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது களப்பணியாளர்களின் வழக்கம். பூட்டிய வீட்டுக்காரர்கள் கேரளாவுக்கோ வேறு மாவட்டத்துக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு, இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, புலம்பெயர்வு குறைவு என்று முடிவு எழுதிய அறிக்கையை நானே படித்திருக்கிறேன்.

வயது கேட்பதும் அப்படியே. "நாப்பது இருக்கும் போடுங்க" என்ற பதில் மலையில் மட்டுமில்லை, சேலம் நகரத்துச் செவ்வாய்ப்பேட்டையிலும் கிடைக்கும். இதற்கு வழி உண்டு. எம்.ஜி.ஆர் இறந்தபோது (1987) நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களா, கல்யாணம் ஆகியிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று நிகழ்வுகளை வைத்து நெருங்குவது. வயதை 0, 5 என்று முடியும்படி சொல்லும் பழக்கம் எவ்வளவு என்று தரவு வந்தபின் சோதிக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதைச் சொன்னவர்களை எண்ணி, அந்த மொத்தத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் சாய்வு இல்லை; 500 வந்தால் எல்லோருமே 0, 5தான். ஐ.நா. வகைப்பாட்டில் 175ஐத் தாண்டினால் மிக மோசம். 384 பேருக்கு இது கொஞ்சம் ஆடும், ஆனாலும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, அனுபவத்தில் தெரிந்தது: மனிதர்கள் நினைவிலிருந்து சொன்ன வருமானம் 500, 1000 என்று குவியத்தான் செய்யும். அறையில் உட்கார்ந்து நிரப்பிய படிவத்தில்தான் 13,270, 14,830 என்று அழகாகச் சிதறிக் கிடக்கும். குவியலைக் கண்டு பயப்பட வேண்டாம், குவியலே இல்லை என்றால் பயப்படுங்கள்.

இதெல்லாம் மாணவர்கள் செய்யும் சின்ன ஆய்வுக்குத்தானே என்று தோன்றலாம். தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றைப் பாருங்கள், 1999-2000. உணவுச் செலவை 30 நாளுக்கு மட்டும் கேட்ட பழைய முறையை மாற்றி, 7 நாளுக்கும் 30 நாளுக்கும் படிவத்தின் அடுத்தடுத்த நெடுவரிசையில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்தது. அதிகாரபூர்வ வறுமை விகிதம் 1993-94ல் 36 சதவீதமாக இருந்தது 26 ஆக இறங்கியது. இறங்கியதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாள் மாறியதால் வந்தது என்று பொருளியல் அறிஞர்கள் வருடக்கணக்காக வாதாடினார்கள். வறுமை குறைந்தது என்பதில் பெரும்பாலோருக்கு உடன்பாடு. எவ்வளவு என்பதில் இன்றும் ஒருமித்த விடை இல்லை. கோடிக்கணக்கான மக்களின் கணக்கு ஒரு நெடுவரிசையைப் பக்கத்தில் வைத்ததால் ஆட்டம் கண்டது.

பிறர் சேகரித்த தரவை எடுத்தால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். சேலம் மாவட்ட மக்கள்தொகை 1991ல் ஏறக்குறைய 39 லட்சம், 2001ல் 30 லட்சம், 2011ல் சுமார் 35 லட்சம். இதை அப்படியே வரைபடமாகப் போட்டு, "தொண்ணூறுகளில் பெரும் வெளியேற்றம்" என்று ஒருவர் எழுதலாம். நடந்தது வேறொன்றுமில்லை, 1997ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1991ல் சேலத்தின் 0-6 வயது பாலின விகிதம் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள் என்று பேசப்பட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. அந்த 849ம் நாமக்கல் சேர்ந்த பழைய மாவட்டத்துக்கானது. அதைப் பிந்தைய சேலத்தோடு நேராக ஒப்பிட்டுத் திட்டத்தின் வெற்றியையோ தோல்வியையோ சொல்ல முடியாது, தாலுகா வாரியாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். பிறப்புப் பதிவும் அப்படி. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. தர்மபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றால் அது சேலத்துக் கணக்கு.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஐந்து புள்ளி அளவுகோலா ஏழா, நடுவில் 'கருத்தில்லை' வைக்கலாமா என்பதில் ஆய்வுகள் இருபக்கமும் பேசுகின்றன. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களிடம் ஏழு புள்ளி வேலை செய்யாது என்பது என் அனுபவம், நிரூபணம் இல்லை. பதில் சொல்பவருக்குப் பணம் கொடுத்தால் தரம் கூடுமா குறையுமா என்பதும் எனக்குத் தெளிவில்லை. அரை நாள் கூலி போகிறதே என்ற மரியாதைக்காக நான் கொடுப்பேன். நேர் கோடாக டிக் அடித்த படிவங்களை நீக்கலாமா என்பதும் சர்ச்சைதான். உண்மையிலேயே எல்லாவற்றிலும் திருப்தியான ஆளும் இருப்பார். நீக்கியும் நீக்காமலும் இரண்டு முறை ஓட்டி, இரண்டு விடையையும் போட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. கூகுள் ஃபார்ம் பாதியில் நேர முத்திரையைப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் நாலு படிவம் வந்திருந்தால் ஒரே கையாக இருக்கலாம். முதலாளி வழி வந்தவர்களில் ஒரு நாற்பது பேரைக் குலுக்கி எடுத்து, பட்டறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போய், நாலைந்து முக்கியக் கேள்விகளை மட்டும் மறுபடி கேளுங்கள். வயது, படிப்பு பொருந்தி, கடனும் திருப்தியும் மட்டும் பொருந்தவில்லை என்றால் அதுவே உங்கள் கண்டுபிடிப்பு. உதவிக்கு இரண்டு பேர் வந்தால் ஆளுக்கு ஒரு தெரு என்று பிரிக்காதீர்கள். பட்டியலைக் குலுக்கி இருவருக்கும் பாதிப் பாதி கொடுங்கள். இருவர் கொண்டுவரும் சராசரி வெகுவாக விலகினால் அது தொழிலாளர் வித்தியாசம் இல்லை, கேட்டவர் வித்தியாசம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துப் பயிர்க் கணக்கெடுப்பில் பயன்படுத்திய ஊடு மாதிரி முறை இதுதான், காசு செலவில்லாதது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களில் ஒரு இருபது பேரையாவது தனியாகச் சேர்த்து, தனிப் பிரிவாகவே எழுதுங்கள். மொத்தத்தோடு கலக்க வேண்டாம்.

வைவாவில் கேட்டால் ஆல்ஃபாவைக் கடைசியில் சொல்லுங்கள். படிவம் யார் கையில் போனது, யார் இல்லாமல் போனார்கள், எதை மறுபடி சோதித்தீர்கள், எந்த முடிவைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஆய்வின் தலைப்பில் 'சேலம் மாவட்டத் தொழிலாளர்கள்' என்று இருந்தால் நீங்கள் போன பகுதிகளின் பெயருக்குச் சுருக்கிக்கொள்ள கைடிடம் பேசிப் பாருங்கள். சிலர் ஒப்புவார்கள், சிலர் பதிவு செய்த தலைப்பை மாற்ற முடியாது என்பார்கள். அப்படியானால் வரம்புகள் பற்றிய பகுதியில் இரண்டு பக்கம் எழுத இடம் கேளுங்கள்.

மறுபடி போவதாக இருந்தால் தீபாவளி ஆர்டர் முடியட்டும், அதற்கு முன் யாரும் தலை நிமிரமாட்டார்கள். ஜிஎஸ்டி ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள், கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் எக்செலில் பெயரும் போன் நம்பரும் கடன் தொகையும் ஒரே வரிசையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே இரண்டு கோப்பாகப் பிரித்து, பெயர் உள்ளதற்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். யார் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது எந்த முதலாளி கண்ணிலும் படக் கூடாது.